கண்டெடுக்கவில்லை, நாங்கள் கொடுத்தோம்

எங்கள் தோட்டத்துப் பொருள்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் கலைக்கூடத்தின் நிர்வாகக் குழுவினருக்கும் கண்காட்சி அமைப்பாளர்களுக்கும்,

சென்ற மாதம் உங்கள் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு பக்கக் கடிதம் வந்தது. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் தோட்டப் பொருள்களைக் கொண்டு உருவான படைப்பைக் கலைக்கூடத்தின் நிரந்தரச் சேகரிப்பில் சேர்க்க முடிவு செய்திருக்கிறீர்கள். ஆகவே பொருள்களைத் திருப்பித் தர இயலாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இணைத்திருந்த படிவத்தில் படைப்பாளி என்ற இடத்தில் ஒரே ஒரு கலைஞரின் பெயர். பயன்படுத்திய பொருள் என்ற இடத்தில் ‘கண்டெடுத்த பொருள்கள்’.

அந்த இரண்டு சொல்லை என்னால் விழுங்க முடியவில்லை. அந்தப் பொருள்களை யாரும் வழியில் கண்டெடுக்கவில்லை. நாங்கள் கொடுத்தோம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் உங்கள் கலைஞரும் இரண்டு உதவியாளர்களும் எங்கள் தாமான் குடியிருப்புக்கு வந்தார்கள். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை இடித்த பிறகு நாங்கள் குடிவந்த இடம் அது. மாரியம்மன் கோயில் மண்டபத்தில் பாய் விரித்து உட்கார்ந்து பேசினோம். தோட்டத்து வாழ்க்கையை நாடு மறந்துகொண்டு வருகிறது, அதை நினைவுபடுத்த வேண்டும், பழைய பொருள் இருந்தால் கொஞ்ச நாளைக்குக் கொடுங்கள் என்று கேட்டார். நல்ல நோக்கம்தான். அவர் மனசில் களங்கம் இருந்ததாக நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை.

வீடு வீடாகப் போய்க் கேட்டவள் நான். 17 வீடுகளில் 43 பொருள்கள் சேர்ந்தன. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் உளிகள், பால் பிடிக்கும் மங்குகள், பால் சுமக்கும் காண்டா வாளிகள், நெற்றியில் கட்டும் விளக்கு, சம்பளச் சீட்டுகள், சட்டம் போட்ட படங்கள். எது யாருடையது, எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதினேன். நகல் எடுத்து உங்கள் உதவியாளர் கையிலேயே கொடுத்தேன். ஒரு பாட்டி தன் கணவரின் வாளியைத் துணியால் துடைத்து, குங்குமம் வைத்து, கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டுத்தான் தந்தார்.

கண்காட்சி திறந்த வாரம் வேன் பிடித்து 14 பேர் வந்தோம். அந்தப் பாட்டியும் வந்தார். வாளி வெள்ளைச் சுவர் ஓரத்தில் நல்ல வெளிச்சத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. குங்குமம் துடைக்கப்பட்டிருந்தது. விளக்க அட்டைகளில் மலாய் இருந்தது, ஆங்கிலம் இருந்தது. தமிழ் ஒரு எழுத்துகூட இல்லை. அந்தப் பொருள்களைத் தொட்டு வேலை செய்தவர்கள் வாசிக்கத் தெரிந்த ஒரே மொழி தமிழ்.

அப்புறம் அம்மாவின் படத்தைப் பார்த்தேன். 1974 தீபாவளிக்குப் பட்டணத்து ஸ்டூடியோவில் எடுத்தது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். நாற்காலி போட்டிருந்தும் அம்மா உட்காரவில்லை, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வலது கட்டைவிரல் நகத்தின் ஓரம் கறுத்திருக்கும். பால் காய்ந்து ஏறிய கறை, எத்தனை தேய்த்தாலும் போகாது. படத்தின் பின்பக்கம் அப்பா நீல மையில் மூன்று வரி எழுதியிருந்தார். முதல் வரியில் அம்மாவின் பெயர், அடுத்ததில் தோட்டத்தின் பெயர், மூன்றாவதில் ‘தீபாவளி 1974’. அப்பா மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ‘தீ’யின் சுழி மட்டும் பெரிசாக விழுந்திருக்கும். சின்ன வயசில் அந்தச் சுழியைப் பார்த்துத்தான் நான் எழுத்தை வரையப் பழகினேன்.

அந்தப் பின்பக்கத்தைப் பசை தடவி ஒரு பலகையில் ஒட்டியிருந்தீர்கள். கீழே இருந்த அட்டை சொன்னது: ‘பெயர் அறியப்படாத தோட்டத் தொழிலாளி, ஏறக்குறைய 1970’.

என்கூட வந்த பெரியம்மாவுக்காக அதைத் தமிழில் படித்துச் சொன்னேன். “ஏம்மா, ஒங்கம்மா பேரு இவங்களுக்குத் தெரியாதா? நீதான எழுதிக் குடுத்த?” என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் அமைப்பாளர்களில் ஒரு இளைஞரிடம் போய்க் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். “டீச்சர், பேர் போட்டா அது ஒரு தனி ஆளோட கதையாச் சுருங்கிடும். பேர் இல்லாம இருந்தா பார்க்கிறவங்க அவங்கவங்க அர்த்தத்தை உண்டாக்கிக்குவாங்க. ஆசிரியன் இறந்துட்டான்னு பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் சொன்னாரே, அதுதான் இந்தப் படைப்போட அடிப்படை” என்றார். அவர் தத்துவத்தை எடுத்துப் பேசியதால் நானும் அந்த இடத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

நான் 1986-ல் பினாங்குக்குப் போய்க் கலை படித்தவள். 32 வருஷம் பள்ளியில் ஓவியம் சொல்லிக் கொடுத்தேன். ஒரே உண்மை, ஒரே வரலாறு என்பதைச் சந்தேகிக்கும் பின்நவீனத்துவம் எனக்கு எதிரி இல்லை. அது எனக்குச் செய்த உதவியை நான் மறக்க மாட்டேன். அதுவரை நான் படித்த கலை வரலாறு ஐரோப்பாவில் தொடங்கி, நியூயார்க்குக்குக் கப்பலேறி, அங்கேயே முடிந்துவிடும் ஒரே வரிசை. லயத்து வாசலில் விடிவதற்கு முன்னால் போட்டு, எட்டு மணிக்குள் சைக்கிள் சக்கரத்தில் அழிந்துபோகும் கோலத்துக்கு அந்த வரிசையில் இடம் கிடையாது. எல்லாவற்றையும் ஒரே வரிசையில் விளக்கும் பெருங்கதையாடல்கள் மேல் இனி நம்பிக்கை வைப்பதற்கில்லை என்று பிரெஞ்சுத் தத்துவவாதி லியோதார் 1979-ல் எழுதியதைப் படித்தபோது, கோலம் போட்டவளின் மகளான எனக்கு மூச்சு விட இடம் கிடைத்ததுபோல இருந்தது. தமிழகத்தில் 1990-களில் ‘நிறப்பிரிகை’ போன்ற சிற்றிதழ்கள் இந்தச் சிந்தனைகளைப் பேசியபோதும், விளிம்புநிலை மக்களின் அரசியலோடு சேர்த்தே பேசின. ஒன்று எப்படிக் கட்டப்பட்டது என்று பிரித்துப் பார்க்கும் கட்டுடைத்தல் என்ற சொல் தமிழுக்குள் வந்தபோது, யாரை ஒதுக்கி இந்தக் கட்டு கட்டப்பட்டது என்ற கேள்வியும் கூடவே வந்தது.

பார்த்தின் கட்டுரை 1967-ல் வந்தது. ஒரு பிரதிக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் எழுதியவர் ஒருவருக்கே உண்டு, அவர் வாழ்க்கையைத் தோண்டினால் பொருள் கிடைத்துவிடும் என்று விமர்சகர்கள் நடந்துகொண்ட முறையை அவர் எதிர்த்தார். வாசகர் பிறக்க வேண்டுமென்றால் ஆசிரியர் என்ற அந்த அதிகாரம் சாக வேண்டும் என்றார். அவர் காலி செய்யச் சொன்னது ஒரு சிம்மாசனத்தை. எங்கள் அம்மாக்கள் அதில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. சம்பளப் பதிவேடான செக்ரோலில் எண்ணாக இருந்தார்கள். துரை பங்களாப் புகைப்படங்களில் பின்வரிசையில் நின்றார்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். ஆசிரியன் இறந்துவிட்டான் என்றால், நுழைவாசலில் ஒரு முழ உயரத்துக்கு எழுதியிருக்கும் கலைஞரின் பெயர் எப்படி உயிரோடு இருக்கிறது? விளம்பரத் தாளில் அந்தப் பெயர் இருக்கிறது. சேகரிப்புப் படிவத்திலும் இருக்கிறது. சாவு எங்கள் வீட்டுப் பக்கம் மட்டும்தான் நடந்திருக்கிறது.

‘கண்டெடுத்த பொருள்’ என்ற சொல்லும் சும்மா வந்ததில்லை, அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1917-ல் நியூயார்க்கில் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம்ப், கடையில் வாங்கிய பீங்கான் சிறுநீர்த் தொட்டி ஒன்றில் ‘ஆர். மட்’ என்று கையெழுத்துப் போட்டுக் கண்காட்சிக்கு அனுப்பினார். அது தொழிற்சாலையில் அச்சில் வார்த்த பண்டம். கலைஞர் கையால் செய்யாதது, கலைஞர் தேர்ந்தெடுத்தது மட்டுமே என்பதுதான் அந்தச் செயலுக்கு உயிர். பின்நவீனக் கலை அதை மூத்தோர் சொத்தாக எடுத்துக்கொண்டது. அமெரிக்கக் கலைஞர் ஷெரி லெவின் 1991-ல் அதே தொட்டியை வெண்கலத்தில் வார்த்துத் ‘துஷாம்புக்குப் பின்’ என்று பெயர் வைத்தார்.

இப்போது உங்கள் மூன்றாவது மேசையில் இருக்கும் உளியைப் பாருங்கள். அது அம்மாவுடையது. கைப்பிடியில் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றியிருக்கும், ஈரக் கையில் வழுக்காமல் இருப்பதற்காக. கட்டைவிரல் அழுந்தும் இடத்தில் அந்தச் சுற்று தேய்ந்து சின்னக் குழி விழுந்திருக்கும். என் கட்டைவிரலை வைத்துப் பார்த்திருக்கிறேன், பொருந்தாது. அம்மாவின் விரல் அகலம். வளைந்த வாயைத் தினமும் கல்லில் தீட்டித் தீட்டி, புதிதாக இருந்ததில் முக்கால்வாசிதான் மிச்சம். அந்த வாயால் மரத்தின் பட்டையை ஒவ்வொரு வெட்டுக்கும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் சீவ வேண்டும். கூடினால் பட்டை வீணாகிச் சீக்கிரம் தீர்ந்துபோகும். ஆழம் போனால் மரத்தில் காயம் பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட வராது. ஆழம் குறைந்தால் பால் சரியாக இறங்காது. இதெல்லாம் விடிவதற்கு முன்னால், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில், ஒவ்வொரு மரத்துக்கும் சில நொடியில் நடக்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். கை அறிந்து செய்யும் இந்த வேலையைத் தூரிகை பிடிக்கும் கையில் பார்த்தால் நீங்கள் நடை என்று சொல்வீர்கள், பாணி என்று சொல்வீர்கள். அம்மா வெட்டிய மரத்தை நிரையில் தனியாகக் கண்டுபிடித்துவிடலாம் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொல்வார். சாய்வு பிசகாத கோடு.

துஷாம்பின் தொட்டியில் யார் கையும் இல்லை. இந்த உளியில் ஒரு மனுஷியின் கை 12 வருஷம் இருந்திருக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது தத்துவப்படியும் தப்பு.

நம் நாட்டிலேயே பார்க்கலாம். அம்மா அந்தப் படத்துக்கு நின்ற அதே 1974-ல் கலைஞர்கள் ரெட்சா பியதாசாவும் சுலைமான் ஈசாவும் கோலாலம்பூரில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். மலேசியாவில், பொருளைவிடக் கருத்தை முன்வைக்கும் கருத்துருவக் கலை என்றால் எல்லாரும் முதலில் சொல்வது அதைத்தான். அங்கே வைத்தவையும் சாதாரணப் பொருள்கள். ஒரு காலிப் பறவைக் கூண்டு. அதன் தலைப்பு, 1974 ஜூன் 10, திங்கட்கிழமை பிற்பகல் 2.46-க்குப் பறவையைத் திறந்துவிட்ட பிறகு இருக்கும் கூண்டு என்று சொன்னது. முடித்திருத்தும் கடையில் பொறுக்கிய தலைமுடி இருந்தது, அது பெட்டாலிங் ஜெயாக் கடை என்று தலைப்பிலேயே இருந்தது. ஒரு பூந்தொட்டிச் செடி இருந்தது, அதை இரண்டு கலைஞர்களும் ஏழு மாதம் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்டார்கள் என்ற விவரத்தோடு. பறந்துபோன பறவைக்கு மணியும் நிமிஷமும் எழுதியிருக்கிறார்கள். என் அம்மாவுக்கு நீங்கள் எழுதியது ‘ஏறக்குறைய’. பின்பக்கத்தில் வருஷம் இருந்தும்!

பிறர் எடுத்த படத்தை எடுத்தாளுவதும் பின்நவீனத்துவம் திறந்துவிட்ட வழிதான். 1981-ல் இதே லெவின், புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸ் 1936-ல் அலபாமாவில் பருத்திக் குத்தகைக் குடும்பங்களை எடுத்த படங்களை அச்சுப் பிரதியிலிருந்து அப்படியே திரும்பப் படம் எடுத்துத் தன் படைப்பாக வைத்தார். அசல் என்பது என்ன, உரிமை யாருடையது என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. நானும் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவரும் ‘வாக்கர் எவன்ஸுக்குப் பின்’ என்று, எடுத்தவர் பெயரைத் தலைப்பிலேயே வைத்தார். அந்த வரிசையில் மிகவும் பேர் பெற்ற முகம் அல்லி மே பரோஸ் என்ற பெண்ணுடையது. பலகைச் சுவர் முன்னால் உதட்டை அழுத்திக்கொண்டு நேராகப் பார்ப்பார். 1941-ல் அந்தப் படங்களோடு வந்த புத்தகத்தில் அவருக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். எடுத்தவர் யார், திரும்ப எடுத்தவர் யார் என்று நடந்த பெரிய வாதத்தில் அவர் பெயர் எத்தனை பேர் வாயில் வந்திருக்கும்? வகுப்பில் அந்தப் படத்தைக் காட்டும்போதெல்லாம் நான் முதலில் அவர் பெயரைத்தான் கரும்பலகையில் எழுதுவேன். பஞ்சு எடுத்த கைக்கும் பால் வெட்டிய கைக்கும் நடுவில் எனக்குப் பெரிய தூரம் தெரியவில்லை.

உங்கள் இரண்டாவது அறையில், பிரிட்டிஷ் ஆட்சி கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிராக 1948-ல் அறிவித்த அவசரகாலம் பற்றி ஒரு பலகை இருக்கிறது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட மூன்று ஐரோப்பியத் துரைமார்களின் பெயர்களும் அதில் எழுத்துப் பிசகாமல் இருக்கின்றன. எல்பில் தோட்டத்து ஆர்தர் வாக்கர் பெயர் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான், அவர்களும் மனிதர்கள், நடந்தது வரலாறு. பெயர் போட்டதால் அவர்கள் கதை சுருங்கிவிடவில்லை என்றால், எங்களுக்கு மட்டும் ஏன் சுருங்கும்?

பெயர் எழுதிய தாளுக்கு எங்கள் வீடுகளில் என்ன மதிப்பு என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், 1960-ல், எங்கள் ஊரில் பிறந்த அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன், தொழிலாளிகளே சேர்ந்து தோட்டம் வாங்குவதற்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிப் பங்கு சேர்த்தார்கள். அம்மாவும் சேர்ந்தார். அம்மாவின் முழுப் பெயரோடு வீட்டுக்கு வந்த முதல் தாள் அந்தப் பங்குத் தாள்தான் என்று அப்பா சொல்வார். சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்கள்.

சரி, வேறு எப்படிச் செய்வது என்று நீங்கள் கேட்கலாம். செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1992-ல் அமெரிக்காவில் பால்டிமோரில் உள்ள மேரிலாந்து வரலாற்றுச் சங்கத்தின் கிடங்கில் இருந்த பொருள்களை வைத்தே கலைஞர் ஃப்ரெட் வில்சன் ஒரு கண்காட்சி அமைத்தார். ‘உலோக வேலை, 1793–1880’ என்ற ஒரே அட்டையின் கீழ், வேலைப்பாடு மிக்க வெள்ளிக் குவளைகளின் நடுவில் அடிமைகளுக்குப் பூட்டிய இரும்பு விலங்கை வைத்தார். பழைய ஓவியங்களின் மூலையில் நின்ற கறுப்பினப் பிள்ளைகள் மேல் விளக்கு விழுந்தது, நான் யார் என்று அவர்களே கேட்பதுபோல ஒலி கேட்டது. பின்நவீனத் தத்துவம் கலையில் செய்த வேலைகளில் நான் மிகவும் மதிப்பது இதை. அட்டை எழுதுகிறவர் யார், அவர் எதை விட்டுவிடுகிறார் என்று அருங்காட்சியகத்தையே திருப்பிக் கேட்டது. இங்கேயும் ஓவியர் வோங் ஹோய் சியோங் 1990-களில் தன் குடும்பத்தின் குடியேற்றக் கதையைப் பெரிய தாள்களில் கரியால் வரைந்தார், ரப்பர் மரத்தையும் அந்தக் கதைக்குள் கொண்டுவந்தார். யார் கதை என்பது அங்கே மறைந்துபோகவில்லை.

சுவர் சுத்தமாக இருக்க வேண்டும், எழுத்து கூடினால் கண் சிதறும் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வாதத்தை நான் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பெயருக்கு மூன்று விரல் இடம் போதும்.

இந்த மடலில் அம்மாவின் பெயரை நான் எழுதவில்லை. அது இருக்க வேண்டிய இடம் உங்கள் சுவர். 17 வீடுகளின் பெயர்ப் பட்டியலையும், நோட்டின் நகலையும், பொருள் கொடுத்த எல்லாருடைய கையெழுத்தையும், கையெழுத்துத் தெரியாத மூன்று பேரின் கைரேகையையும் பதிவுத் தபாலில் உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

நாங்கள் கேட்பது இவை. எங்கள் 17 குடும்பங்களோடு நேரில் உட்கார்ந்து பேசும்வரை நிரந்தரச் சேகரிப்பு முடிவை நிறுத்தி வையுங்கள். பேசுவதற்கு நாங்கள் வர வேண்டாம், நீங்கள் சுங்கை சிப்புட்டுக்கு வாருங்கள், அதே கோயில் மண்டபத்துக்கு. ‘கண்டெடுத்த பொருள்கள்’ என்ற வரியை எல்லாப் பதிவுகளிலிருந்தும் எடுத்துவிட்டு, யார் கொடுத்தது என்று எழுதுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் அதைப் பயன்படுத்தியவரின் பெயர், தோட்டம், தெரிந்த வருஷம் மூன்றும் அட்டையில் வர வேண்டும். அட்டைகளில் தமிழும் இருக்க வேண்டும், மொழிபெயர்க்கச் சம்பளம் இல்லாமல் நான் உட்காரத் தயார். கலைஞரின் பெயரை நீக்கச் சொல்லவில்லை. பொருள்களை அடுக்கிய விதம் அவருடைய உழைப்பு, அது அவர் பெயரில் இருக்கட்டும். அதே வரியில், அதே எழுத்து அளவில், 17 குடும்பங்களின் பெயரும் இருக்கட்டும்.

பொருளைத் திரும்பக் கேட்பவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள். ஐந்து வீட்டார் கேட்கிறார்கள், குங்குமம் வைத்துக் கொடுத்த பாட்டியும் அவர்களில் ஒருவர். மற்றவர்கள் உங்களிடமே இருக்கட்டும் என்கிறார்கள், ஆனால் இரவல் என்று எழுத்தில் வேண்டும். இதற்கெல்லாம் வரும் பொங்கலுக்குள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறோம்.

கடைசியாக அம்மாவின் படம். அதைப் பலகையிலிருந்து பிரிக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் தாள் கிழியும், அதிகம் நனைந்தால் மை கரைந்துவிடும். பழைய தாள்களைப் பார்த்துக்கொள்ளும் தேர்ந்த ஆள் உங்களிடம் இருப்பார், அவரை வைத்து மெதுவாகச் செய்யச் சொல்லுங்கள். எந்த நாள் என்று முன்கூட்டியே தெரிவியுங்கள். காலை ரயிலில் ஏறி வந்துவிடுகிறேன். பின்பக்கம் வெளியே வரும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சுங்கை சிப்புட்டிலிருந்து,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியை ஒருத்தி,
17 குடும்பங்களின் சார்பில்